தேதி இல்லாத ஒரு செய்திப் படமும் இந்தியாவின் வரலாறும்

தாள்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

அப்பா இறந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. போன வாரம்தான் கும்பகோணம் வீட்டுப் பரணில் இருந்த அவருடைய தகரப் பெட்டியை இறக்கித் திறந்தேன். உள்ளே நாளிதழ்களிலிருந்து வெட்டிய படங்கள், நாற்பத்தேழு. 1971 போரின் முடிவில் டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஜி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார், பக்கத்தில் இந்தியத் தளபதி அரோரா அமர்ந்திருக்கிறார். விலங்கு மாட்டிய கையை உயர்த்தி நிற்கிறார் ஜார்ஜ் பெர்னாண்டஸ். போபாலில் மண்ணுக்குள் பாதி புதைந்த குழந்தையின் முகம். அந்தப் படத்தைக் குப்புறத் திருப்பி வைத்த பிறகுதான் மற்றவற்றைப் பார்க்க முடிந்தது.

இவற்றை வரிசைப்படுத்தி ஊர் நூலகத்துக்கு ஓர் ஆல்பமாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்த ஆண்டுகளும் ஒப்பந்தங்களும் மறந்துபோயின. இந்தப் படங்களைப் பார்த்தால் மறக்காது. ஒரு நாட்டின் கதையைச் செய்திப் படங்களை வைத்தே சொல்லிவிடலாம் என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

ஒரு சிக்கல். அப்பா எல்லாப் படங்களையும் ஓரத்தை ஒட்டியே வெட்டியிருக்கிறார். படக்குறிப்பு இல்லை, தேதி இல்லை, இதழின் பெயர் இல்லை. பெரும்பாலானவை எல்லோரும் அறிந்தவை. ஒன்று மட்டும் புரியவில்லை. நகராட்சிப் பூங்கா போல ஓர் இடம். ஒரு கம்பத்தின் உச்சியில் ரேடியோவின் ஒலிபெருக்கிக் குழாய். கீழே முப்பது நாற்பது ஆண்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்திருக்கிறார். ஒருவரும் பேசுவதாகத் தெரியவில்லை. என்ன செய்தி கேட்கிறார்கள்? யாருக்காவது இந்தப் படம் தெரியுமா?

அச்சுக்கூடம்

தம்பி, எனக்கு வயது 76. 1968இல் ஒரு நாளிதழின் பிளாக் பகுதியில் சேர்ந்தேன். ஆப்செட் வந்து எங்கள் வேலை போகும்வரை அங்கேதான் இருந்தேன். நீங்கள் சொல்லும் டாக்காப் படத்துக்கு நான் வேலை பார்த்த இதழில் பிளாக் செய்த கைகளில் என் கையும் ஒன்று. அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

செய்தித்தாளில் படம் என்பது புள்ளிதான். போட்டோவை ஸ்கிரீன் வழியாக மறுபடி படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்துகளின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் காகிதம் மட்டமானது. அங்குலத்துக்கு 55, 65 கோடுகள் உள்ள ஸ்கிரீனைத் தாண்டினால் மை அப்பிக்கொள்ளும். எனவே முகங்கள் கறுத்துப் போகும். அதைத் தடுக்க, தகட்டுக்குப் போவதற்கு முன்பே போட்டோவில் வெள்ளைப் பெயிண்ட் தொட்டுத் தலையைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவோம். மீசை மங்கலாக இருந்தால் கறுப்பு வைப்போம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வாசகருக்கு ஆள் தெரிய வேண்டுமே என்ற கவலைதான். ஆனாலும் நீங்கள் பெட்டியில் வைத்திருப்பது நடந்ததன் நகல் அல்ல. ஒரு போட்டோகிராபர், ஒரு ரீடச் செய்பவர், ஒரு பிளாக் செய்பவர், ஒரு உதவி ஆசிரியர் ஆகிய நால்வரின் கை பட்டது. ஆல்பத்தில் அதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. தலைவர்களின் பிளாக்குகளை அகரவரிசைப்படி இழுப்பறைகளில் வைத்திருப்போம். ஒரே முகத்தைப் பத்து ஆண்டுகள் அச்சிட்டிருக்கிறோம். இன்று 'கோப்புப் படம்' என்று போடுகிறார்கள். அன்று அந்தச் சொல்லையும் போட மாட்டோம். நேற்று எடுத்தது என்றே வாசகர் நினைத்துக்கொள்வார்.

உங்கள் ரேடியோப் படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து விடாமல் சொல்லுங்கள். வெட்டிய தாளுக்குத் தேதி பின்பக்கத்தில்தான் இருக்கும்.

வடசென்னை வாசகி

அருமையான இழை. ஆனால் 'ஒரு நாட்டின் கதை' என்று சொல்லும்போது யார் எடுத்த படங்கள், எங்கே எடுத்தவை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஹோமாய் வியாரவாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் செய்திப் புகைப்படக்காரர். பம்பாயில் அவர் எடுத்த தொடக்க காலப் படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. பிறகு 'டால்டா 13' என்ற புனைபெயர் வைத்துக்கொண்டார். 1947 ஜூனில் காங்கிரஸ்காரர்கள் பிரிவினைத் திட்டத்துக்குக் கை தூக்கும் படம், ஆகஸ்ட் 16 அன்று செங்கோட்டையில் கொடி ஏறிய படம், மவுண்ட்பேட்டன் விடைபெற்ற படம் எல்லாம் அவருடையவை. டெல்லித் தெருக்களில் சேலை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைத் தூக்கிச் சைக்கிள் மிதித்துப் போன பெண். இன்றும் பல இடங்களில் அந்தப் படங்களைப் பெயர் போடாமல் அச்சிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவர் வாழ்நாளெல்லாம் வருந்திய ஒரு படம் உண்டு. அவர் எடுக்காத படம். 1948 ஜனவரி 30 மாலை காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பினார். நாளை போகலாம் என்று கணவர் திருப்பி அழைத்துவிட்டார். அந்த நாள் வேறு கேமராக்களின் வழியாகத்தான் நமக்கு வந்தது. அன்று சற்று முன்புதான் காந்தியைச் சந்தித்துவிட்டுப் போயிருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் திரும்பி ஓடிவந்தார். இறுதி ஊர்வலத்தை உலகம் பார்த்தது பெரிதும் அவர் கண் வழியாக. ஹோமாயும் ஊர்வலத்தை எடுத்தார். ஆனால் அந்த மாலை அவரை விட்டுப் போகவில்லை. 1970 வாக்கில் கேமராவை முற்றிலும் கீழே வைத்தார். 2011இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டே மறைந்தார்.

தாள்வாசி, உங்கள் நாற்பத்தேழு படங்களில் எத்தனை விந்திய மலைக்குத் தெற்கே எடுத்தவை? 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம்தான். பெட்டியில் இருக்கிறதா?

தாள்வாசி

இல்லை அம்மா. எண்ணிப் பார்த்தேன். தெற்கே எடுத்தவை ஆறு. அவற்றில் மூன்று இறுதி ஊர்வலங்கள்.

நெய்தல்

நான் கடலூர்க்காரன். இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு, 2004 டிசம்பர் 28 அன்று எங்கள் கரையில் எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கப் போனது. ராய்ட்டர்ஸின் ஆர்கோ தத்தா எடுத்தது. அந்த ஆண்டின் உலகச் செய்திப் படம் என்று விருது பெற்றது. ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து கிடக்கிறார். இரண்டு உள்ளங்கைகளும் வானத்தைப் பார்த்து விரிந்திருக்கின்றன. இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. உடல் தெரியவில்லை, முகம் தெரியவில்லை.

அன்று அந்த மணலில் நானும் இருந்தேன். என் சித்தப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கேமரா வைத்திருந்தவர்களைப் பார்த்தாலே அடிக்க வேண்டும் என்று தோன்றியது. பிணத்தின் மேல் போர்த்திய துணியை விலக்கிவிட்டுப் படமெடுத்த ஓர் ஆளை எங்கள் தெருப் பையன்கள் விரட்டினார்கள். அவர் எந்த இதழ் என்று சொல்ல விரும்பவில்லை. ஆனால் தத்தாவின் படத்தைப் பிறகு பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். இறந்தவரை அவர் காட்டவில்லை. அழுகிற ஆளின் உயரத்துக்கு இறங்கிவந்து எடுத்திருக்கிறார். மேலே நின்று எடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான படங்களும் நம் மண்ணில்தான் எடுக்கப்பட்டன. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்துப் படமெடுத்தார். ஒருவர் பெயரும் இல்லை. ஒரு வாய்க் கஞ்சி கொடுக்காமல் படம் மட்டும் எடுத்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. அதே மனிதர் பின்னர் 1886இல் மாண்டலேயில், மரண தண்டனைக்கு நிறுத்தப்பட்டவர்களைத் துப்பாக்கி வெடிக்கும் நொடியில் படம்பிடித்தார் என்று விசாரணையையே சந்தித்தார். அந்தப் பஞ்சப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரியவர்கள் கேமராவைப் பார்ப்பதில்லை. குழந்தைகள்தான் பார்க்கிறார்கள்.

ஆல்பம் போடுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடிப் போடாதீர்கள். படத்தால் ஊர் ஊராக அடையாளம் தெரிந்து அல்லல்பட்டவர்கள் உண்டு. 2002 கலவரத்தின்போது அகமதாபாத்தில் கைகூப்பிக் கெஞ்சிய தையல்காரரின் படத்தை எடுத்தவரும் தத்தாதான். அந்த முகத்தை எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் அவர் வேலையையும் ஊரையும் விட்டு அலைய நேர்ந்தது.

சொல்லேர்

எல்லோரும் படத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன்.

போபால் படத்தை எல்லோருக்கும் தெரியும். ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்திலும் அதே அடக்கத்தை எடுத்தார்கள். அந்தக் குழந்தை யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போபாலில் 'ரபட்' என்ற சின்னஞ்சிறு இந்தி வார இதழ் நடத்தியவர். 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் நச்சுவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். அன்றிலிருந்து விடாமல் துருவினார். 1982 செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து எழுதினார். எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது போபால் என்று தலைப்பே வைத்தார். 1984 ஜூனில் 'ஜன்சத்தா' நாளிதழிலும் எழுதினார். டிசம்பர் 2 இரவில் வாயு கசிந்தது.

கேமரா பிணம் விழுந்த பிறகு வருகிறது. எழுத்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்து கதவைத் தட்டியது. ஒருவரும் திறக்கவில்லை. உங்கள் ஆல்பத்தில் கேஸ்வானி எங்கே இருப்பார்?

நெருக்கடி நிலையையும் பாருங்கள். 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பகதூர் ஷா ஜாபர் சாலை அச்சகங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தின் இடத்தை வெற்றாக விட்டது. அதே நாள் டைம்ஸ் ஆப் இந்தியாவின் பம்பாய்ப் பதிப்பில் 'டி'ஓக்ரசி' என்பவர் ஜூன் 26 அன்று காலமானார் என்று இரங்கல் விளம்பரம் வந்தது. மக்களாட்சிக்குத்தான் இரங்கல் என்று தணிக்கையாளருக்குப் புரியவில்லை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்துக் கட்சிக்காரர்களைச் சிறையில் அடைத்தார்கள். யாரைப் பிடித்தார்கள் என்று எழுதத் தடை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று 'முரசொலி'யில் கருணாநிதி ஒரு பெயர்ப் பட்டியல் போட்டார். படித்தவர்களுக்கு விளங்கிவிட்டது. இதற்கெல்லாம் என்ன படம் ஒட்டுவீர்கள்?

வடசென்னை வாசகி

சொல்லேர், வெற்றுத் தலையங்கமும் படம்தானே? அந்த வெள்ளைக் கட்டத்தை எழுத்தாக யார் படித்தார்கள்? கண்ணால்தான் பார்த்தார்கள்.

எழுத்து முடங்கிய இடத்தில் படம் பேசிய கதையையும் சொல்கிறேன். 1943 வங்காளம். தெருவில் சாகிறார்கள். ஆனால் 'பஞ்சம்' என்று அறிவிக்க அரசு மறுக்கிறது. அறிவித்தால் பஞ்சச் சட்டப்படி நிவாரணம் கொடுத்தாக வேண்டும். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கிலேயரின் இதழ், ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸும் ஆங்கிலேயர். தணிக்கை விதிகள் சொற்களைத் தடுத்தன, படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெருவுக்குப் போட்டோகிராபர்களை அனுப்பினார். ஆகஸ்ட் 22 ஞாயிற்றுக்கிழமை கல்கத்தா நடைபாதையில் கிடந்தவர்களின் படங்கள் வெளியாயின. டெல்லியும் லண்டனும் அதற்குப் பிறகு தெரியாதது போல இருக்க முடியவில்லை. அதே நாட்களில் கம்யூனிஸ்ட் கட்சியின் பி.சி. ஜோஷி, சுனில் ஜனா என்ற இளைஞரை அழைத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார். கட்சி இதழில் வந்த ஜனாவின் படங்கள்தான் இன்று அந்தப் பஞ்சத்துக்கு முகம். சித்தபிரசாத் வரைந்த கோட்டோவியங்களை நூலாகப் போட்டபோது அரசு பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. அரசின் விசாரணைக் குழுவே 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் என்கிறார்கள்.

சொல்லும் படமும் சக்களத்திகள் அல்ல. பாரதியின் 'இந்தியா' வார இதழ் 1906இலேயே கருத்துப்படம் போட்டது. பக்கத்திலேயே 'சித்திர விளக்கம்' என்று எழுதினார்கள். படம் பார்க்கப் பழகாத வாசகருக்கு இந்த உருவம் யார், அந்த மிருகம் எது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த விளக்கத்தைத்தான் தாள்வாசியின் அப்பா கத்தரித்துவிட்டார்.

மதுரை வழக்கறிஞர்

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது எங்கள் தொழிலுக்கு அடிப்படை. அந்தத் தீர விசாரிப்பில் செய்திப் படங்களுக்கு இருந்த இடத்தை மட்டும் சொல்கிறேன்.

பாகல்பூர், பீகார். 1979, 80இல் போலீசார் 30க்கும் மேற்பட்ட விசாரணைக் கைதிகளின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றினார்கள். இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர் அருண் சின்ஹா 1980 நவம்பரில் வெளிக்கொண்டு வந்தார். கட்டுப் போட்ட கண்களின் படங்கள் நாட்டை உலுக்கின. உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. வசதி இல்லாத கைதிக்கு இலவசச் சட்ட உதவி கொடுப்பது அரசின் கடமை, பணம் இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்று நீதிபதி பகவதி 1981இல் எழுதினார். இன்று மதுரையில் ஓர் ஏழைக் கைதிக்காக நான் நிற்கும்போது அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறேன்.

2008 நவம்பர் 26. மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையம். 'மும்பை மிரர்' இதழின் செபாஸ்டியன் டிசோசா கேமராவோடு ஓடி, ரயில் பெட்டிக்குள் மறைந்து நின்று எடுத்தார். தாக்குதல் நடத்தியவர்களில் ஒருவனான கசாப் துப்பாக்கியோடு நடக்கும் படம். பிறகு நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார்.

மூன்றாவது நம் ஊர். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ஹரிபாபு என்ற போட்டோகிராபர் ராஜீவ் காந்தியைக் கொன்ற வெடிப்பிலேயே இறந்தார். அவருடைய உடல் அருகே கிடந்த கேமரா உடையவில்லை. பிலிமில் பத்துப் படங்கள். சந்தன மாலையோடு காத்திருக்கும் பெண், பக்கத்தில் குறிப்பேட்டோடு வெள்ளைக் குர்தா அணிந்த ஆள். மூன்றாம் நாள் 'தி இந்து'வில் அந்தப் பெண்ணின் படம் வந்தது. விசாரணை முழுவதும் அந்த பிலிமைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தது. ஆனால் கவனியுங்கள். அந்தப் படங்களில் எதுவும் நடக்கவில்லை. ஒரு பொதுக்கூட்ட மேடைக்கு முன்னால் சிலர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். யார், எங்கே, எந்த நேரம் என்பது சேர்ந்த பிறகுதான் அவை சாட்சியங்களாயின.

ஆகவே தாள்வாசி, உங்கள் ரேடியோப் படத்தின் பின்பக்கத்துக்காகக் காத்திருக்கிறேன்.

அச்சுக்கூடம்

வழக்கறிஞர் பிலிமைப் பற்றிச் சொன்னதும் நெஞ்சு அடைக்கிறது. எங்கள் இதழ் பழைய கட்டடத்தைக் காலி செய்தபோது கண்ணாடி நெகட்டிவ்களையும் பிலிம் உறைகளையும் எடைக்குப் போட்டார்கள். பிளாக்குகளின் துத்தநாகத்துக்குக் கிலோ கணக்கில் விலை கிடைத்தது, கட்டைகள் டீக்கடை அடுப்புக்குப் போயின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்த்துப் பேசும் தைரியம் இல்லை. ஓய்வு பெற ஆறு ஆண்டுகள் இருந்தன.

குல்வந்த் ராய் என்று ஒரு டெல்லி போட்டோகிராபர் இருந்தார். காந்தி, நேரு, ஜின்னா, படேல் எல்லோரையும் அருகிலிருந்து எடுத்தவர். 1958 முதல் சில ஆண்டுகள் உலகம் சுற்றி, எடுத்த பிலிம்களைத் தபாலில் டெல்லி முகவரிக்கே அனுப்பிவைத்தார். திரும்பி வந்தால் ஒன்றும் இல்லை, களவு போய்விட்டது. குப்பைமேடுகளில் எல்லாம் போய்த் தேடினாராம். 1984இல் இறந்தார். மிச்சமிருந்த பெட்டிகளை ஆதித்ய ஆர்யா என்பவர் பல ஆண்டுகள் கழித்துத் திறந்து, ஒவ்வொன்றாகத் துடைத்து அடையாளம் கண்டார். அப்படி ஒருவர் கிடைக்காத பெட்டிகள் இந்த நாட்டில் எத்தனையோ.

தாள்வாசி

தாமதத்துக்கு மன்னிக்கவும். பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தேன்.

பின்பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருக்கிறது. கடையின் பெயர் வேண்டாம். 'அரசாங்க உத்தரவுப்படி 14 காரட் நகைகள் நவீன டிசைன்களில்' என்று இருக்கிறது. கீழே, டிசைன் புத்தகம் தபாலில் வேண்டுவோர் 50 ந.பை. ஸ்டாம்பு அனுப்பவும் என்று இருக்கிறது. வேறு எழுத்து இல்லை.

மதுரை வழக்கறிஞர்

இதற்கு மேல் என்ன வேண்டும்!

ந.பை. என்றால் நயா பைசா. 1957 ஏப்ரலில் வந்தது, 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. 14 காரட் என்பது தங்கக் கட்டுப்பாடு. சீனப் போருக்குப் பிறகு மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது 1963 ஜனவரியில் கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யவே கூடாது. ஆக, 1963 ஜனவரிக்கும் 1964 நடுவுக்கும் இடையே வெளிவந்த தாள். அந்தக் காலத்தில் ஊரே ரேடியோவின் கீழ் நின்ற பெரிய சாவுச் செய்திகள் இரண்டு. 1963 நவம்பரில் கென்னடி, 1964 மே 27இல் நேரு.

நெய்தல்

படத்தில் நிழல் எப்படி விழுகிறது? தரை ஈரமா?

தாள்வாசி

நிழல் ஆளைவிடக் குட்டை. தரை காய்ந்து புழுதியாக இருக்கிறது. ஒருவர் கையில் பனையோலை விசிறி.

நெய்தல்

அப்படியானால் நேரு. கென்னடியைச் சுட்டபோது நமக்கு நள்ளிரவு. சேதி விடிந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்திருக்கும். காலை வெயிலில் நிழல் நீண்டு கிடக்கும். நவம்பர் கடைசியில் எங்கள் கரையோர மாவட்டங்களில் தரை சொதசொதவென்று இருக்கும், விசிறிக்கு வேலை இல்லை. நேரு இறந்தது மே மாத மதியம். இரண்டு மணிக்கு மேல் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். உடனே ரேடியோ சொன்னது. என் தாத்தா வலை பின்னுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாராம், பாட்டி சொல்லியிருக்கிறார்.

அச்சுக்கூடம்

நிழலைப் படித்தது சரியான படிப்பு. நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. தம்பி, வெட்டிய விளிம்புகளைப் பாருங்கள். ஹாப்டோன், அதாவது புள்ளிகளால் ஆன படத்தைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் வெள்ளை விட்டிருப்போம். நான்கு பக்கமும் அந்த வெள்ளை சமமாக இருக்கிறதா?

தாள்வாசி

இல்லை. இடப்பக்கம் வெள்ளை நிறைய இருக்கிறது. வலப்பக்கம் ஒருவரின் தோளை வெட்டிக்கொண்டு போகிறது கத்தரி. மேலே ஒலிபெருக்கியின் நுனி இல்லை.

அச்சுக்கூடம்

பின்பக்கம் விளம்பரத்தைச் சுற்றிப் பார்டர் கோடு இருக்கிறதா? முழுதாக?

தாள்வாசி

இதை எழுத இரண்டு நாட்கள் ஆயின.

பார்டர் முழுதாக இருக்கிறது. நான்கு மூலைகளிலும் கொடிப்பூ அலங்காரம், ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. அளவெடுத்து வெட்டியது அந்தப் பக்கத்தைத்தான். அப்பா இந்தப் படத்தை எடுத்து வைக்கவில்லை. விளம்பரத்தை எடுத்து வைத்திருக்கிறார்.

முதல் பதிவில் சொல்லாமல் விட்டது ஒன்று. தேவைப்படும் என்று அப்போது தோன்றவில்லை. அப்பா பொற்கொல்லர். தாத்தாவிடம் பட்டறையில் உட்கார்ந்து தொழில் பழகியவர். 22 காரட்டில்தான் கம்பி இழுபடும், 14 காரட்டில் செம்பு அதிகம், தாலிக்கு யார் வாங்குவார்கள் என்று அத்தை சொல்கிறார். அந்த உத்தரவு வந்த பிறகு பட்டறைக்கு வேலை வருவது நின்றது. நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் தெருவில் நின்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அப்பா குமுட்டியையும் ஊதுகுழலையும் மூட்டை கட்டிவிட்டு ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதப் போனார். விதி தளர்ந்த பிறகும் பட்டறைக்குத் திரும்பவில்லை. நான் பிறந்தபோது அவர் கணக்குப்பிள்ளைதான். பொற்கொல்லர் என்பதையே உறவினர் சொல்லித்தான் அறிந்தேன்.

மற்ற நாற்பத்தாறையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவை படத்துக்காக வெட்டியவைதான். இது ஒன்று மட்டும் மாறி இருக்கிறது. பெட்டியில் இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

வாசகி அம்மா, ஆல்பத்தில் போபாலுக்கு எதிர்ப்பக்கத்தில் கேஸ்வானியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன், சொல்லேர் கேட்டபடி. கீழ்வெண்மணிக்கு ஒரு தாளை வெற்றாக விடுகிறேன். ஊரையும் தேதியையும் 44 என்ற எண்ணையும் மட்டும் கீழே எழுதுகிறேன். கடலூர்ப் படத்துக்குப் பெயர் போட மாட்டேன். எடுத்தவர் பெயரைப் போடுவேன்.

இந்தத் தாளை மட்டும் ஆல்பத்தில் ஒட்டப் போவதில்லை, ஒட்டினால் ஒரு பக்கம் மறைந்துவிடும். கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்கு எடுத்துப் போனேன். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். சுவரில் மாட்டக் கொக்கி அடிக்க வேண்டும், எது முன்பக்கம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன் என்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.